எண்ணாமல் விட்ட மூன்று மாதம்

மார்லிஸ் ஹாபலா தபால்தலை வாங்கப் போன இடத்தில்தான் மத்திய நீதிமன்ற வக்கீல் ஆனாள். 1978, அமெரிக்காவின் வட எல்லைப் பக்கம் டுலூத் நகரம். கீழே தபால் ஜன்னல், மேலே கோர்ட். சட்டப் படிப்பு முடித்து எட்டே மாதம் ஆகியிருந்தது. பத்திரம், உயில் எழுதிக்கொடுத்துப் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்றவளின் தோளைக் கோர்ட் எழுத்தர் வந்து தட்டினார்.

"நீ வக்கீல்தானே? மேல ஒருத்தன் வக்கீல் இல்லாம முழிச்சுக்கிட்டு நிக்கிறான். வா வா."

முழித்துக்கொண்டு நின்றவன் ஒரு தபால்காரன். இரண்டு குளிர்காலமாக ஊர்ச் சனங்களுக்கு வந்த விளம்பரப் புத்தகங்களை வீடு வீடாகக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு, தன் வீட்டு நீராவிக் குளியலறையில் கூரை வரை அடுக்கிவைத்திருந்தான். மார்லிஸுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"ஏன்யா அடுக்கி வெச்சே? அடுப்பு பக்கத்துலதானே இருந்துச்சு, போட்டு எரிச்சுத் தொலைச்சிருக்கலாமே?"

"ஐயையோ, அடுத்தவங்க தபாலை எரிக்கலாமா மேடம்? தப்பாச்சே!"

இந்த ஒரே பதிலைப் பிடித்துக்கொண்டு அவள் நீதிபதி முன் அரைமணி நேரம் பேசினாள். ஆளுக்குச் சிறை இல்லை. வேலைதான் போயிற்று. மறுநாளே, வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்குக் கோர்ட்டே அமர்த்தித் தரும் வக்கீல்களின் பட்டியலில் அவள் பெயர் ஏறிவிட்டது. அதற்கப்புறம் முப்பத்தோரு வருஷம் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

விற்கத் தடையுள்ள கழுகு இறகை விற்றவன், கனடாவிலிருந்து சிகரெட் கடத்தியவன், வங்கியில் போலிக் கையெழுத்துப் போட்ட சர்ச் பொருளாளர் என்று வராத ஆள் இல்லை. பிற்பாடு வந்ததெல்லாம் போதைப்பொடி, போதைப்பொடி, போதைப்பொடி. சினிமாவில் வருவதுபோல வக்கீல் எழுந்து கர்ஜிக்க, சாட்சி அழ, ஜூரி விடுதலை செய்ய என்று யாராவது கற்பனை செய்தால் அவளுக்கு எரிச்சல் வரும். மத்திய வழக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கள்தான். பிடிக்கும்போதே எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டுதான் பிடிக்கிறார்கள். வக்கீலின் வேலை, குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசோடு போடும் ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. எந்த வரி இருக்கலாம், எந்த வரி இருக்கக்கூடாது என்று அரசு வக்கீலோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். ஒரு வரி நீங்கினால் ஒரு மனுஷன் நாலு வருஷம் முன்னால் வீட்டுக்கு வருவான். இதை ஊரில் யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது? பல் டாக்டரான அவள் புருஷனுக்கே புரியவில்லை. "நாள் முழுக்கத் திருடன் கூட உக்காந்துட்டு வர்றே" என்பான். ஏழு வருஷத்தில் அவனே கிளம்பிப் போய்விட்டான். போகட்டும்.

மிஞ்சியது ஆர்டிஸ். மார்லிஸின் ஆபீசில் தட்டச்சு, தொலைபேசி, அதட்டல் மூன்றுக்கும் ஒரே ஆள். எழுபது வயது. முதலாளி என்ற மரியாதையெல்லாம் அவளிடம் கிடைக்காது.

லைல் பெர்க்கோ வந்தது 2008 நவம்பரில், மான் வேட்டைப் பருவத்தின் இரண்டாம் நாள். வந்தது என்றால் விலங்கோடு வந்தான். நாற்பத்தேழு வயது. வடக்கே இரும்புத்தாது ஆலையில் இருபத்துநாலு வருஷம் வேலை. 2006 மே கடைசியில் ஆலை ஆட்குறைப்பு செய்து அனுப்பிவிட்டது. ஜூனில், தெரிந்தவன் ஒருவன் வந்து, தெற்கேயிருந்து சில பெட்டிகளைத் தன் வண்டியில் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றான். பெட்டியில் என்ன என்று லைல் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டான். இரண்டு வருஷத்தில் ஒன்பது தடவை ஓட்டினான். அந்தக் கும்பலை மொத்தமாக வளைத்தபோது இவனும் மாட்டினான்.

அவ்வளவு எடைப் போதைப்பொடிக்குக் குறைந்தபட்சம் பத்து வருஷம். நீதிபதியே நினைத்தாலும் குறைக்க முடியாது. ஒரே ஒரு கதவு மட்டும் உண்டு. பழைய தண்டனைகளுக்குப் போடும் குற்றப் புள்ளி ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது, குற்றத்தோடு துப்பாக்கி இருக்கக்கூடாது, தெரிந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தால் நீதிபதி அந்தப் பத்துக்குக் கீழே இறங்கலாம்.

பத்து வருஷம் லைலுக்கு முடியாது. அவனுக்காக அல்ல. அவனுக்கு நார்ம் என்று ஓர் அண்ணன். வயது ஐம்பத்திரண்டு, புத்தி ஆறு வயதோடு நின்றுவிட்டது. அம்மா செத்ததிலிருந்து லைல் வீட்டில்தான் இருக்கிறான். சவரம் செய்துவிடுவது, வியாழக்கிழமை பந்துருட்டக் கூட்டிப்போவது, இடி இடித்தால் கட்டிலோரம் உட்கார்வது எல்லாம் லைல்தான். நார்முக்கு இதயம் பலவீனம். ஆறேழு வருஷம் இருந்தால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எனக்கு எவ்வளவு குடுத்தாலும் வாங்கிக்கறேன் வக்கீலம்மா," என்றான் லைல் முதல் சந்திப்பிலேயே. "நார்ம் இருக்கும்போது வீட்டுக்கு வந்துடணும். அவ்வளவுதான்."

சரி, ஆள் வெளியே வர என்ன தடை? துப்பாக்கி. பிடிபட்ட அன்று லைலின் வண்டியில் மான் துப்பாக்கி ஒன்று இருந்தது. நவம்பரில் அந்தப் பக்கத்தில் துப்பாக்கி இல்லாத வண்டியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாதிரியார் வண்டியில்கூட இருக்கும். ஆனால் ஒப்பந்தத்தின் ஆறாம் பத்தியில், 'குற்றம் தொடர்பாகத் துப்பாக்கி வைத்திருந்தார்' என்று ஒரு வரி எழுதியிருந்தார் அரசு வக்கீல் பிரென்ட் ஆஸ்ட்பி. மார்லிஸ் அந்த வரியின்மேல் பாய்ந்தாள். ஆறு வாரம் விடவில்லை. வேட்டை உரிமச் சீட்டு, மான் கறி வெட்டித்தரும் கடைக்காரரின் வாக்குமூலம், 1988 முதல் வருஷா வருஷம் மானோடு நின்று எடுத்த போட்டோக்கள், பெட்டி ஏற்றிய ஒன்பது தடவையும் வேட்டைப் பருவம் இல்லை என்பதற்கான பட்டியல் என்று கொண்டுபோய்க் கொட்டினாள்.

கடைசியில் ஒரு பிப்ரவரி மத்தியானம் ஆஸ்ட்பி போன் செய்தார். "போதும் தாயே, போதும். எடுத்துட்டேன். இன்னொரு மான் போட்டோ அனுப்பினீங்கன்னா நான் வேலையை விட்டுடுவேன்."

புதிய தாள் வந்தது. மார்லிஸ் ஆறாம் பத்தியைப் பார்த்தாள். வரி இல்லை. இன்னொரு தடவை பார்த்தாள். இல்லை! ஆர்டிஸ் எழுந்து வந்து எட்டிப் பார்த்து, "உங்கப்பன் இருந்திருந்தா மெச்சிக்குவான்" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவதே அபூர்வம். மார்லிஸ் கையெழுத்துப் போட்டாள், லைலும் போட்டான். அடுத்த வாரம் நீதிபதி கார்வின் தேல் ஒப்பந்தத்தைப் பத்தி பத்தியாக வாசித்து, இதெல்லாம் உண்மைதானா என்று கேட்க, லைல் சத்தியம் செய்து ஒவ்வொன்றுக்கும் "ஆமா, யுவர் ஆனர்" என்றான்.

ஏப்ரலில், தண்டனைக்கு முன் நன்னடத்தை அதிகாரி எழுதும் அறிக்கை வந்தது. மார்லிஸ் காப்பியோடு உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினாள். பழைய குற்றப் புள்ளி: இரண்டு.

அதெப்படி இரண்டு? 2003இல் ஆலையிலிருந்து செம்புக் கம்பி எடுத்ததற்கு ஒன்று, அது தெரிந்ததுதான். இன்னொன்று 1996 ஏப்ரல், குடித்துவிட்டு வண்டி ஓட்டியது. அது பத்து வருஷத்துக்கு மேலான பழசு, புள்ளியில் சேராதே? பழைய தண்டனைக்கும் இந்தக் குற்றம் தொடங்கிய நாளுக்கும் நடுவே பத்து வருஷம் தாண்டியிருந்தால் கணக்கில் வராது. லைல் தொடங்கியது 2006 ஜூனில். தாண்டிவிட்டதே! இந்த அதிகாரிக்குக் கூட்டத் தெரியாதா என்று முணுமுணுத்துக்கொண்டே ஒப்பந்தத்தை எடுத்து இரண்டாம் பத்தியைப் பிரித்தாள்.

'2006 மார்ச் மாதம் முதல்' என்று இருந்தது.

மார்ச், கும்பல் தொடங்கிய மாதம். மற்றவர்களுக்கு எழுதிய அதே வாசகத்தை லைலுக்கும் அப்படியே போட்டிருந்தார்கள். எப்போதும் போடுவதுதான். மார்லிஸ் பென்சிலால் அடித்து, தன் ஆள் சேர்ந்த மாதத்தை எழுதித் திருப்பி அனுப்புவாள், அவர்களும் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். முப்பத்தோரு வருஷமாக நடக்கிற வழக்கம். இந்த ஒரு தடவை அவள் அடிக்கவில்லை. மார்ச் என்றால் பத்து வருஷத்துக்கு ஒரு மாதம் குறைகிறது. இரண்டாவது புள்ளி உயிரோடு எழுந்து உட்கார்ந்துவிட்டது. கதவு சாத்தியாயிற்று. ஒரு மாதக் குறைச்சலுக்குப் பத்து வருஷம்!

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றாள் ஆர்டிஸ்.

மார்லிஸ் தாளை நீட்டினாள். ஆர்டிஸ் கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள்.

முதலில் ஆஸ்ட்பியிடம் போனாள். அவர் கெட்டவரல்ல. தலையைச் சொறிந்துகொண்டார். "மார்லிஸ், துப்பாக்கியை எடுத்ததுக்கே மேலிடத்துல எனக்குத் திட்டு. இப்பத் தேதியையும் எடுன்னா? அவரு சத்தியம் பண்ணி ஒத்துக்கிட்டாரு. என் கையில இல்ல."

திரும்பி வந்ததும் ஆர்டிஸ் சொன்னாள்: "எல்லாரும் என்ன பண்ணுவாங்களோ அதைப் பண்ணு. ஒரு பக்கத்துக்கு ஆட்சேபம் எழுதிப் போடு. தோத்தா தோக்கட்டும். ஆளு உள்ள போன பின்னாடி வேற ஒரு வக்கீல் வந்து, 'பழைய வக்கீல் சரியில்லை'ன்னு மனு போடுவான். அப்பப் பாத்துக்கலாம். உன் பேரு அதுக்குள்ள நாறாது, நீயும் ஓய்வு வாங்கியிருப்பே."

"அந்த மனு முடிய மூணு நாலு வருஷம் ஆகும் ஆர்டிஸ். தோத்தாலும் தோக்கும். நார்முக்கு அவ்வளவு நாள் இருக்கா?"

"அப்ப என்ன பண்ணப் போறே?"

"நானே சொல்லப் போறேன். தப்பு என்னுதுன்னு."

அதன் அர்த்தம் இருவருக்கும் தெரியும். தன் தப்பைத் தானே சாட்சி சொல்கிற வக்கீல் அந்த வழக்கில் வக்கீலாக இருக்க முடியாது. லைலை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். செப்டம்பரில் கோர்ட் அமர்த்தும் வக்கீல்களின் பட்டியலைப் புதுப்பிக்கும் குழுவில் அதே நீதிபதிகள்தான் இருக்கிறார்கள்.

மாவட்டச் சிறையின் பார்வையாளர் அறையில் லைலிடம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "நான் பண்ணின தப்பு, லைல். உங்களுது இல்ல. மார்ச்னு இருந்ததை ஜூன்னு மாத்தியிருக்கணும். மாத்தலை. இப்ப இருக்கிறபடி இருந்தா பத்து வருஷம்."

லைல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீங்க துப்பாக்கி வரியை எடுத்துக் குடுத்தீங்களே வக்கீலம்மா," என்றான். ஆறுதல் சொல்லும் குரல். பாவி மனுஷன், திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா! மார்லிஸுக்கு அங்கேயே அழுகை வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டு, புது வக்கீல் ஜோயல் விக் யார், அவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

திட்டுவதற்கு ட்ரூடி இருந்தாள். லைலின் மனைவி. வண்டி நிறுத்துமிடத்தில் காத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"முப்பது வருஷம் வக்கீலா இருக்கீங்கல்ல? கூட்டத் தெரியாதா உங்களுக்கு? நார்ம் தினமும் ஜன்னல்ல நின்னுக்கிட்டு, 'லைல் எப்ப வருவான், லைல் எப்ப வருவான்'னு கேக்குறாரு. நான் என்ன சொல்றது? வக்கீலம்மா மறந்துட்டாங்கன்னு சொல்லவா?"

"ஆமா. அதான் உண்மை."

"உண்மையைத் தூக்கிக் குப்பையில போடுங்க! எனக்கு உண்மை வேணாம், ஆளு வேணும்!"

வண்டிக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனாள்.

ஜூன் மாதம் விசாரணை. எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்த அந்த அறையில் முதல் தடவையாகச் சாட்சிக் கூண்டில் ஏறி உட்கார்ந்தாள். கூண்டின் நாற்காலி இவ்வளவு தாழ்வு என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. ஜோயல் விக் கேட்கவேண்டியதைச் சுருக்கமாகக் கேட்டான். ஆலையின் ஆட்குறைப்புக் கடிதத்தைக் காட்டினான். லைல் ஜூனில்தான் சேர்ந்தான் என்று கும்பல் தலைவனே போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தையும் காட்டினான். அப்புறம் ஆஸ்ட்பி எழுந்தார். அவர் செய்ததுதான் யாரும் எதிர்பாராதது. அவளைப் புகழ ஆரம்பித்தார்.

"இந்தக் கோர்ட்ல எத்தனை வழக்கு நடத்தியிருப்பீங்க?"

"எண்ணூறு இருக்கும்."

"உங்களை விடக் கவனமான வக்கீல் இங்க யாராவது உண்டா? நான் பார்த்ததில்ல. மத்தவங்களுக்கு நீங்க பாடமே எடுக்கறீங்க, இல்லியா?"

"எடுத்திருக்கேன்."

ஒன்பது பழைய ஒப்பந்தங்களை எடுத்து அவள் முன் வைத்தார். ஒன்பதிலும் தேதி பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது, ஒன்பதும் அவள் கையெழுத்து. "இந்த ஒன்பதுலயும் தேதி உங்க கண்ணுல பட்டிருக்கு. பெர்க்கோ ஒப்பந்தத்துல மட்டும் படலையா?"

அந்தப் புகழின் பொறி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. கெட்டிக்கார வக்கீல் தெரியாமல் விடமாட்டாள். துப்பாக்கி போனால் போதும், மார்ச் இருக்கட்டும் என்று தெரிந்தே பேரம் பேசியிருக்கிறாள் என்று நிரூபிக்கப் பார்க்கிறார். அப்படியானால் அது தப்பு ஆகாது, பேரம். பத்து வருஷம் நிற்கும். 'கண்ணில் படவில்லை' என்று ஒரு பொய் சொன்னால் லேசாகத் தப்பித்துவிடலாம். ஜோயல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். லைலும் பார்த்தான்.

"பட்டுது," என்றாள் மார்லிஸ். "மார்ச்னு படிச்சேன்."

ஜோயல் பேனாவை மேசையில் வைத்துவிட்டான்.

"அப்பத் தெரிஞ்சேதான் விட்டீங்க."

"இல்ல. படிச்சேன், எண்ணிப் பார்க்கலை. படிக்கிறது வேற, எண்ணுறது வேற. ஆறு வாரமா எனக்கு அந்தத் துப்பாக்கி வரி ஒண்ணுதான் கண்ணுல நின்னுது. அது போனதும் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். ஆறாம் பத்தியை மூணு தடவை படிச்சேன், ரெண்டாம் பத்தியை ஒரு தடவை. தொண்ணூத்தாறோட பத்தைக் கூட்டுறதுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அந்த ஒரு நிமிஷத்தை என் கட்சிக்காரருக்கு நான் குடுக்கலை."

"உங்களை மாதிரி ஒரு வக்கீல்…"

"என்னை மாதிரி வக்கீல்தான் பண்ணினது, மிஸ்டர் ஆஸ்ட்பி. நல்ல வக்கீல்னு நீங்க சொல்லச் சொல்ல எனக்குக் கூசுது. அன்னைக்கு நான் நல்ல வக்கீல் இல்ல."

நீதிபதி தேல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ் ஹாபலா, நீங்க சொன்னது தீர்ப்புல வரும். உங்க பேரோட வரும். புரியுதா?"

"புரியுது, யுவர் ஆனர்."

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பு. இனி வழக்கில் அவளுக்கு இடமில்லை என்பதால் பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். குற்றம் தொடங்கியது ஜூன் என்று நீதிபதி தீர்மானித்தார். புள்ளி ஒன்றுதான். அறுபத்தாறு மாதம் சிறை. அதற்குமுன், வழக்கறிஞர் மார்லிஸ் ஹாபலாவின் பணி இந்த நீதிமன்றம் எதிர்பார்க்கும் தரத்துக்குக் கீழே இருந்தது என்ற வாக்கியத்தை அவர் நிதானமாக, ஒரு சொல் விடாமல் வாசித்தார். மார்லிஸுக்கு முகம் எரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் எப்படி உட்கார்ந்திருப்பது என்று தெரியாமல் கைகளைக் கோர்த்துக்கொண்டாள். செப்டம்பரில் வந்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. அதற்கடுத்த வருஷம் அவள் விண்ணப்பிக்கவே இல்லை, மறுபடியும் உயில் எழுத உட்கார்ந்துவிட்டாள். அந்த வாக்கியத்தைத் தங்கள் வழக்குகளில் மேற்கோள் காட்டும் வக்கீல்கள் இப்போதும் உண்டு.

அன்றைக்கு, அறை காலியானதும் அவள் நடைவழிக்கு வந்தாள். ட்ரூடி அங்கே நின்றிருந்தாள். மார்லிஸ் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகப் பார்த்தாள்.

"நில்லுங்க. எப்ப வருவாரு?"

"ஜோயலைக் கேளுங்க ட்ரூடி. இப்ப அவருதான் உங்க வக்கீல்."

"கேட்டேன். ஆபீஸ் போய்ப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேங்கிறாரு. நார்ம் சாயங்காலம் கேப்பாரே. எனக்கு ஒரு தேதி வேணும்."

மார்லிஸ் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்து தாள் எடுத்தாள். பிடிபட்டது நவம்பர் ஒன்பது. அன்றிலிருந்து அறுபத்தாறு மாதம். ஒழுங்காக நடந்துகொண்டால் வருஷத்துக்கு நாற்பத்தேழு நாள் கழியும், மொத்தம் இருநூற்று ஐம்பத்தெட்டு நாள். எழுதினாள், கழித்தாள். அடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி எழுதினாள். மூன்றாம் தடவையும் அதே தேதிதான் வந்தது.

"ரெண்டாயிரத்துப் பதிமூணு, ஆகஸ்ட் இருபத்திநாலு."

ட்ரூடி தாளை வாங்கி, உதட்டை அசைத்து அந்தத் தேதியை ஒரு தடவை வாசித்தாள். நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஜோயலையும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கச் சொல்றேன்," என்றாள். "தப்பா நெனச்சுக்காதீங்க."

"சொல்லுங்க," என்றாள் மார்லிஸ். "கண்டிப்பா சொல்லுங்க."